நம்பர் பலகையின் மொழி

எனக்குக் கொடுத்த ஹெட்போனில் இடது காதுப் பஞ்சு கிழிந்திருந்தது. பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டு ஊர் ஊராக அலைந்ததில் நான்கு மொழிகள் காதில் ஒட்டியிருந்தன. அதை நம்பித்தான் ஓசூரில் ஒரு பைக் சர்வீஸ் நிறுவனத்தின் கால் சென்டரில் வேலை கொடுத்தார்கள். மற்றவர்கள் பேசிய பதிவுகளைக் கேட்டு, விதியை மீறிய இடத்தில் குறி போட வேண்டும்.

அங்கே காவேரிப்பட்டினத்து அக்கா ஒருவர் இருந்தார். வாடிக்கையாளர் ‘அலோ’ சொல்வதிலேயே வீட்டு மொழியைப் பிடித்துவிடுவார். கோபக்காரர்களை எல்லோரும் அவரிடமே தள்ளினார்கள், சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். பிறகு புதிய மேலாளர் வந்தார். வண்டி எண் கே.ஏ. என்றால் கன்னடம், டி.என். என்றால் தமிழ், நடுவில் மாற்றக் கூடாது என்றார். பெங்களூரில் வண்டி வாங்கி இங்கே ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் குடியிருக்கும் தெலுங்குக்காரர்களை அவர் அறியமாட்டார்.

ஒரே மாதத்தில் அறை செத்துவிட்டது. எழுதிக் கொடுத்ததை வாசித்தார்கள், திட்டு வாங்கினார்கள், மணி பார்த்து எழுந்து போனார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அக்கா மட்டும் மொழி மாற்றினார். “வண்டி கன்னடம், ஆளு தெலுங்கு. நான் வண்டிகிட்டயா தம்பி பேசறது?”

இன்னொரு குறி விழுந்தால் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்ற நிலை வந்தது. அந்த வாரம் ஒரு பெரியவரிடம் கன்னடத்தில் தொடங்கித் தெலுங்குக்கு அக்கா தாவிய பதிவு என்னிடம் வந்தது. என் குறிகளைச் சரிபார்க்கவும் ஒருவர் இருந்தார். தாவிய இடத்தில் குறி போட்டுவிட்டு அடுத்த பதிவுக்குப் போனேன்.

ஒப்பந்தத்தின் கடைசி நாளன்று அக்கா சாப்பாட்டுப் பையோடு என் மேசைக்கு வந்தார்.

“அந்தப் பெரியவரு போன் கால் முழுசா கேட்டியா?”

“இல்லக்கா.”

“கேளு. நல்லா இருக்கும்.”

அவர் போன பிறகு கேட்டேன். அக்கா தெலுங்கில் வண்டியின் சோக்கை இழுக்கச் சொல்கிறார், உதைக்கச் சொல்கிறார், பொறுமையாக இருக்கச் சொல்கிறார். ஒன்பதாவது நிமிடத்தில் எஞ்சின் உறுமுகிறது. உடனே அக்கா விதிப்படி கன்னடத்துக்குத் திரும்பி, நன்றி வாசகத்தை ராகம் போட்டு வாசிக்கிறார். பெரியவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். அக்காவும் சிரிக்கிறார். அந்த அறையில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

அடுத்த வாரம் நானும் கிளம்பிவிட்டேன். இப்போது அத்திப்பள்ளியில் கிடங்கு வேலை. இதுவும் எத்தனை நாளோ. ஏதாவது கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தால், வேண்டுமென்றே தெலுங்கில் ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பேன். மறுமுனையில் இருப்பவர் ஒரு கணம் நிற்பார், மூச்சு கேட்கும். பிறகு விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்குவார். நான் வற்புறுத்துவதில்லை. என்னைப் போல ஒருவன் எங்கோ உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான்.