இயந்திரம் நின்ற நேரம்

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வரும் படகில் அவர் எனக்குப் பக்கத்தில் இருந்தார். பெயர் கேட்கவில்லை, புது ஆட்களோடு கதைக்க எனக்குக் கூச்சம். நரைத்த மீசை, என்றாலும் என்னைவிட இளையவர். காதுக்குப் பின்னால் ஒரு கருவி, அதிலிருந்து வயர் போய்த் தலையில் ஒட்டியிருந்தது. யார் கதைத்தாலும் கண்ணை மூடி, கேட்டதை மெல்லத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பார்; பிடிபடாமல் கண்ணைத் திறந்து வாயைப் பார்ப்பார்.

"காதுக்கு ஒப்பரேசன் செய்தது, அம்மா. வாயைப் பார்த்தால் விளங்குது. பார்க்காட்டி வெறும் தகரச் சத்தம். வீட்டிலை எல்லாரும் பாவம் பார்த்து முகத்துக்கு நேரை வந்து கத்தீனம். பிறகு நான் எப்ப பழகிறது? நீங்கள் வாயை மூடிக்கொண்டு ஏதும் சொல்லுங்கோ."

சேலைத்தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, என்ன சொல்லலாம் என்று யோசித்தேன்.

நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட்டது. தென்மேற்கிலிருந்து வீசிய சோளகக் காற்றில் படகு சரிந்து சரிந்து எழும்பியது. தண்ணீர் உள்ளே அடித்தது. இரைச்சல் அடங்கிய படகில் எல்லாரும் பலகையை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். எனக்கு நீந்தத் தெரியாது.

"பயமாக் கிடக்கு," என்றேன் தலைப்புக்குள்ளே.

"பயமாக் கிடக்கு," என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். பிறகு என் மூடிய வாயைப் பார்த்துச் சிரித்தார். "சரியோ?"

"ஓம்."

"வேறை ஏதும் சொல்லுங்கோ, கெதியா, எஞ்சின் திரும்ப இரைய முன்னம்."

"வேறை ஒண்டும் வருகுதில்லை, தம்பி."

"வேறை ஒண்டும் வருகுதில்லை, தம்பி," என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

இயந்திரம் திரும்ப உறுமியதும் எல்லாரும் கடலைப் பார்த்துக் கும்பிட்டோம். அவர் மட்டும் அந்த இரைச்சலில் முகம் வாடி, மறுபடியும் எங்கள் வாய்களைப் பார்க்கத் தொடங்கினார்.