மகள் வாயால் வந்த சேதி

செராஃபினா கலாப்ரியாவிலிருந்து தூரின் நகரத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியும், அவள் வாயில் ஊர்ப்பேச்சைத் தவிர வேறொன்றும் ஏறவில்லை. கடையில் விரலை நீட்டிக் காட்டுவாள். மற்றதற்கெல்லாம் ஏழு வயது மகள் மிம்மா இருந்தாள். பள்ளிக்கூடம் போன ஆறே மாதத்தில் அந்தப் பெண் இத்தாலியனில் பொரிந்து தள்ளினாள். வீட்டுக்காரர், தபால்காரர், பாதிரியார் என்று யார் வந்தாலும் அவள்தான் அம்மாவுக்கு வாய்.

1962 மார்ச்சில், கட்டட வேலை செய்துகொண்டிருந்த அவள் கணவன் ரொக்கோ சாரத்திலிருந்து விழுந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் நின்றபடியே நாலைந்து வாக்கியம் சொன்னார். செராஃபினா மகளைப் பார்த்தாள். மிம்மா கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"என்னடி சொல்றாரு?"

"அப்பாவுக்குத் தூக்கம் வேணுமாம்மா. நம்மள வீட்டுக்குப் போகச் சொல்றாரு. நாளைக்கு வரலாமாம்."

செராஃபினா நம்பினாள். வீட்டுக்குப் போய்க் கோழி சூப் வைத்தாள். காலையில் பாத்திரத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனபோது கட்டில் காலியாக இருந்தது. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

மகளை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாக்டருக்கே தெரிந்திருக்காது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் ஒன்றை முடிவு செய்தாள்: இனி எந்தச் சேதியும் பிள்ளை வாய் வழியாகத் தன்னிடம் வரக் கூடாது.

ஒரு தொழிற்சாலை கேன்டீனில் காய் நறுக்கும் வேலை கிடைத்தது. தலைமைச் சமையல்காரி ஒத்தாவியா தூரின்காரி. நாக்கு கத்தி மாதிரி. அந்தக் கோடையில் முதல் தர்ப்பூசணி வந்து இறங்கியது.

"இந்த சிப்பாங்குலுவ வெட்டட்டுமா?" என்றாள் செராஃபினா, தன் ஊர்ப்பேரைச் சொல்லி. அடுப்படியே சிரித்தது.

"ஏண்டி, பழத்துக்குப் போயி பூச்சி மருந்து பேரு சொல்ற?" என்றாள் ஒத்தாவியா. "அது அங்கூரியா!"

சாமான் இறக்க வந்திருந்த ரோம் நகரத்து லாரிக்காரன் திரும்பிப் பார்த்தான். "கொக்கோமெரோன்னு சொல்லுங்கம்மா. இத்தாலியன் தெரியாத ஜனங்க!"

"வாய மூடிட்டு மூட்டைய இறக்குய்யா!" ஒத்தாவியா கரண்டியை ஓங்கினாள். வெனிஸ்காரி ஒருத்தி ஒத்தாவியா பக்கம் சேர்ந்துகொண்டாள். சண்டை வலுத்தது. செராஃபினா கையில் கத்தியோடு கேட்டுக்கொண்டு நின்றாள். இவர்களுக்கும் ஒரே பேர் இல்லையே என்று தோன்றியபோது, இரண்டு வருஷமாக இருந்த பயம் கொஞ்சம் இறங்கியது.

அதற்கப்புறம் கூடைகளிலிருந்து பேர்களைக் கற்றாள், தட்டுகளிலிருந்து எண்களை. சந்தையில் வெங்காயக்காரனிடம் பேரம் பேசி மரியாதையும் வசவும் ஒருசேரப் படித்தாள். ஒத்தாவியா தினமும் சோற்றை ருசி பார்த்துவிட்டு அலுத்துக்கொள்வாள்: "ரெண்டு நிமிஷம் முன்னாடி இறக்கியிருந்தா நல்லா இருந்திருக்கும்." நடக்காமல் போனதைச் சொல்லும் அந்த வினைதான் செராஃபினாவுக்கு வசப்படவில்லை. டிராமில் உதடு அசைய அசையச் சொல்லிப் பார்ப்பாள்.

மூன்று வருஷம் கழித்து, மிம்மாவிடம் சொல்லாமல், அதே டாக்டரைத் தேடிப் போனாள்.

"அன்னிக்கு என்ன சொன்னீங்க டாக்டர்? உங்க வாயால கேக்கணும்."

அவருக்கு நினைவில்லை. பழைய பதிவேட்டை எடுத்துவரச் சொல்லிப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"விடியிற வரைக்கும் தாங்காதுன்னு சொல்லியிருப்பேன். சாயங்காலம் வரைக்கும் அவருக்கு நினைவு இருந்திருக்கு. பக்கத்துல உக்காந்து பேசிட்டு இருங்கன்னும் சொல்லியிருப்பேன், எல்லார்கிட்டயும் சொல்றதுதான்." நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு யார் புரியவெச்சாங்க?"

"என் மக. ஏழு வயசு."

அவர் பதிவேட்டை மூடி வைத்தார்.

"தெரிஞ்சிருந்தா உக்காந்திருப்பேன்," என்றாள் செராஃபினா. அந்த வினையில் இப்போது ஒரு பிழையும் இல்லை.

திரும்பும்போது டிராம் ஏறாமல் ஆற்றங்கரையோடு நடந்தாள். முதலில் டாக்டர்மேல் கோபம் வந்தது. பிறகு, சொல்லவே கூசுகிறது, மகள்மேல் வந்தது. ஒரு சாயங்காலம் முழுக்க ரொக்கோ வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்திருப்பான். பாலம் வரும்வரை அந்தக் கோபத்தோடுதான் நடந்தாள். பாலத்தில் நின்றபோதுதான் உறைத்தது: அன்று இரவு அந்தக் குழந்தை எல்லாம் தெரிந்துகொண்டே தன் பக்கத்தில் படுத்திருந்தது.

வீட்டில் மிம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா போன? இவ்வளவு நேரம்?"

"ஆஸ்பத்திரிக்கு. அந்த டாக்டரப் பாத்தேன்."

மிம்மாவின் கை நின்றது. முகம் வெளுத்தது. "என்ன... என்ன சொன்னாரு?"

செராஃபினா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். மகளுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு கிழங்கைக் கையில் எடுத்தாள்.

"நீ சொன்னதத்தான் சொன்னாரு. அப்பாவுக்குத் தூக்கம் வேணும்னு."

மிம்மா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அப்பா செத்ததற்கு மூன்று வருஷம் கழித்து, முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.