சலம் என்று நான் சொன்னது

2013ஆம் ஆண்டு மாரிகாலத்தில் நடந்தது இது. பாரிஸ் லாச்சப்பலில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் எனக்கு வேலை. வீடு பாரிஸுக்கு வெளியே திரான்சியில். அப்போது எனக்கு ஒரு வருத்தம் இருந்தது. ஒன்றுக்குப் போகும்போது எரிவு, அடிவயிற்றுக்குக் கீழே பாரமாக ஒரு நோவு. சில வாரங்கள் ஒன்றும் இருக்காது, தப்பிவிட்டேன் என்று நினைப்பேன். பிறகு குளிர்காய்ச்சலோடு திரும்பி வரும்.

என் பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு. வெங்காயம், அடுப்பு, கெதியாய் என்பதற்கு மேல் போகாது. டொக்டரிடம் போனால் மொழிபெயர்க்கப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். எனக்கு இருப்பது மகள். பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்தத் தகப்பன் இதைச் சொல்லுவான்? "வயிறு நோகுது எண்டு சொல்லு பிள்ளை" என்றேன். அவளும் அப்படியே சொன்னாள். டொக்டர் வயிற்றுக்குக் குளிசை எழுதினார். ஒவ்வொரு முறையும் இதே கதைதான். என் வயிற்றைப்போலக் கவனிக்கப்பட்ட வயிறு லாச்சப்பலில் வேறு இருந்திருக்காது.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். மனைவியோடு சேர்ந்தால் நோவு கூடியது. அதனால் வேலைக் களை என்று சாட்டுச் சொல்லி சோபாவில் படுக்கத் தொடங்கினேன். முதலில் அவள் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு என் ஜாக்கெட் பொக்கற்றுகளைத் துழாவத் தொடங்கினாள். என்ன தேடுகிறாள் என்று எனக்கு விளங்கியது. விளங்கியும் பேசாமல் இருந்தேன். வருத்தத்தைச் சொல்வதைவிட அவளுடைய சந்தேகத்தைத் தாங்குவது எனக்குச் சுலபமாக இருந்தது. அவளும் ஒருநாள், பிள்ளையோடு தமக்கை வீட்டில் கொஞ்சக்காலம் இருக்கப் போவதாகச் சொன்னாள்.

அந்த வாரமே குசினியில் நடுங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றி, சலத்தில் கிருமி இருக்கிறது என்று கண்டுபிடித்து, சிறுநீர் வருத்தங்களைப் பார்க்கும் வைத்தியரிடம் மேலதிகமாகக் காட்டும்படி அனுப்பினார்கள். வீட்டில் காய்ச்சல் என்று மட்டும் சொன்னேன். இந்த முறை மகளைக் கூட்டிப்போகவில்லை. தனியாகப் போனேன். வைத்தியர் ஒரு இளம் ஆள். என் முழியைப் பார்த்துவிட்டு, மேசையில் இருந்த தொலைபேசியில் ஏதோ நம்பரை அழுத்தினார். தமிழ் பேசும் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. மொழிபெயர்க்கிறவவாம். பேச்சு இந்தியத் தமிழ்.

மகளிடம் சொல்ல முடியாததை இன்னொரு பெண்ணிடமா? "அது... வந்து..." என்று இழுத்தேன். அவவுக்கு அது விளங்கியிருக்க வேண்டும். "ஐயா, உங்க முகம் எனக்குத் தெரியாது, பேரும் தெரியாது. தயங்காம சொல்லுங்க" என்றா.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். "எனக்குச் சலம் போகேக்கை எரியுது. அடிக்கடி போகுது."

அவ பிரெஞ்சில் சொன்னதும் வைத்தியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கேள்விக்குமேல் கேள்வி வந்தது. எந்த நிறம், எவ்வளவு நாளாய் என்று கேட்டுவிட்டுக் கடைசியில் இதையும் கேட்டார். "உங்க மனைவியைத் தவிர வேற யாரோடயாவது உறவு உண்டான்னு டாக்டர் கேக்கறார்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வீட்டில் ஒருத்தி அப்படி நினைக்கிறாள், இங்கே வெள்ளைக்காரனும் அதையே கேட்கிறான். "என்ன விசர்க்கதை கதைக்கிறியள்?" என்று ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டேன்.

"போயிடாதீங்க ஐயா, ஒரு நிமிஷம்." குரல் பதறியது. "சலம்னு சொன்னீங்களே, அது சீழ்தானே?"

"சீழோ? ஆர் சொன்னது? சலம் எண்டால் ஒண்டுக்குப் போறது. மூத்திரம்!"

கோபத்தில் நான் கத்தியது நடைபாதை வரைக்கும் கேட்டிருக்கும். "ஐயோ, எங்க பக்கம் சலம்னா புண்ணுல வர்ற சீழ். அதனாலதான் டாக்டர் அப்படிக் கேட்டார். தப்பு என்மேலதாங்க" என்றா. பிறகு அதையே வைத்தியருக்கும் சொன்னா. ஃபோத் என்றால் பிழை, குசினியில் நாள்தோறும் காதில் விழும் சொல். எங்கள் குசினியில் பிழை என்பது எப்போதும் அடுத்தவனுடையது. தன்னுடையது என்று ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். வைத்தியரும் என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார்.

திரும்ப உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு எனக்கு என்ன வெட்கம்? மூத்திரம் என்று கத்தியாகிவிட்டது. எரிவு, நோவு, சோபாவில் படுப்பது, எல்லாவற்றையும் கொட்டினேன். குரல் மாறாமல் ஒவ்வொன்றையும் அவ வைத்தியருக்குச் சொன்னா. வைத்தியர் பின்பக்கமாக விரல் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. "கொஞ்சம் வலிக்கும், நான் லைன்லயே இருக்கேன்" என்றா. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகையும் வந்தது.

புரோஸ்டேட் என்கிற சுரப்பிக்குள் கிருமி குடியிருக்கிறதாம். சில நாள் குளிசைக்கு அது அசையாதாம். வாரக்கணக்கில் விடாமல் எடுக்க வேண்டும், அப்படியும் திரும்பி வரலாம் என்றார் வைத்தியர். "இது கெட்ட பழக்கத்தால வந்ததில்லை. உங்க மனைவிக்கும் ஒட்டாதுன்னு சொல்றார்." அந்த வசனத்தை இன்னொருமுறை சொல்லச் சொன்னேன். சொன்னா. நன்றி சொல்ல நான் வாய் திறப்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

வீட்டுக்குப் போனபோது மனைவி தமக்கை வீட்டுக்குப் போகப் பெட்டியில் உடுப்பு அடுக்கிக்கொண்டு நின்றாள். கதவைச் சாத்திவிட்டு, வைத்தியரிடம் சொன்ன அதே சொற்களில் அவளுக்கும் சொன்னேன். அவள் கட்டில் விளிம்பில் அப்படியே இருந்துவிட்டாள்.

"நான் வேறை நினைச்சிட்டன்" என்றாள்.

"ஓம், தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ என்னை இவ்வளவு நாளும் வேக விட்டனீங்கள்?" என்று கையில் இருந்த சட்டையால் எனக்கு ஒன்று போட்டாள். பிறகு அதிலேயே முகத்தைப் புதைத்து அழுதாள். அவள் தமக்கை வீட்டுக்குப் போகவில்லை.

குளிசை நீண்ட நாள் எடுத்தேன். அந்தக் குளிசையால் குதிக்கால் நரம்பு நோக, வைத்தியர் மருந்தை மாற்றினார். சுகமாகி, பிறகும் இரண்டுதரம் திரும்பி வந்தது. எரிவு தொடங்கினால் இப்போது நான் ஒளிப்பதில்லை. சலத்தைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வருகிறேன். வேலை நெருக்கடியில் அடக்கிக்கொண்டு நிற்பதையும் விட்டுவிட்டேன், முதலாளி முறைத்தாலும். குளிசை நேரத்தை என்னைவிட மனைவி ஞாபகம் வைத்திருக்கிறாள். ஒரு சொல் பிழையாகப் போகாமல் இருந்திருந்தால், நான் அன்று கத்தியிருக்க மாட்டேன், பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போயிருப்பேன். இந்த வருத்தம் இன்னும் என்னோடுதான் இருக்கிறது, ஆனால் அதோடு நான் தனியாகக் கிடந்த காலம் அன்றோடு முடிந்தது.