பூசுவதற்கு மட்டும்

2012இல் சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில் ஓர் அன்ரி வீட்டின் பின் அறையில் வாடகைக்கு இருந்தேன். அவவின் கணவர், எங்கள் அங்கிள், பஸ் ஓட்டுநர். அன்ரிக்குக் கொலஸ்ட்ரோல் என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டில் எல்லோருக்கும் கொலஸ்ட்ரோல்தான்.

ஒரு கிழமையாகத் தேங்காய்ச் சம்பல் வழக்கத்தைவிட ருசியாக இருந்தது. பரமட்டாவில் ஓர் இயற்கை உணவுக் கடையில் வாங்கிய விதையை அரைத்துப் போட்டதாக அன்ரி பெருமையாகச் சொன்னா. பையை வாங்கிப் பார்த்தேன். ஹெம்ப் விதை. கீழே பொடி எழுத்தில், 'மனிதர் உண்பதற்கு அல்ல, உடம்பில் பூசுவதற்கு மட்டும்.'

"ஹெம்ப் எண்டா என்ன?" என்றார் அங்கிள்.

"கஞ்சாவின்ர ஒண்டுவிட்ட சகோதரம். வெறிக்காது. ஆனா இந்த நாட்டில சாப்பிட விடமாட்டினம்" என்றேன்.

அங்கிளின் கையிலிருந்த தோசை சாப்பாட்டுக் கோப்பைக்குள் விழுந்தது. அவருடைய டிப்போவில் திடீரென்று வந்து எச்சில் எடுத்துப் போதைப்பொருள் சோதிப்பார்கள்.

"கிழமை முழுக்கக் கஞ்சாச் சம்பலோட பஸ் ஓடியிருக்கிறன்!"

"நீங்கள் ஓடினதில ஒரு வித்தியாசமும் தெரியேல்லை" என்றா அன்ரி.

மறுநாள் அன்ரியோடு கடைக்குப் போனேன். விற்கலாம், வாங்கலாம், வாயில் வைத்தால் மட்டும் அரசாங்கத்துக்குப் பொறுக்காது என்று கடைப்பெண் விளக்கினாள்.

"பூசினா கொலஸ்ட்ரோல் குறையுமோ எண்டு கேளும்" என்றா அன்ரி. கேட்டேன்.

அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். "நான் காலையில் தயிரோடு கலந்து, கரண்டியால், வாய்க்குள் பூசுகிறேன்."

அன்றே பை குசினியிலிருந்து குளியலறைக்குப் போய், ஷாம்புவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. "சட்டத்தை மதிக்க வேணும்" என்று சொல்லிக்கொண்டே, அன்ரி கரண்டியோடு அங்கே போய் வந்தா.

அதற்குப் பிறகு அங்கிள் சம்பலைத் தொடவில்லை. ஆனாலும் சோதிக்கிறவர்கள் வந்ததும், கேட்கமுன்னமே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார். "சேர், நான் ஹெம்ப் சாப்பிட்டனான். சம்பலில."

"சம்பல் என்றால்?"

தேங்காய் திருவுவதிலிருந்து தொடங்கினார். பின்னால் ஓட்டுநர்கள் வரிசையில் கொட்டாவி விட்டார்களாம். சோதனையில் ஒன்றுமில்லை. வந்தவர் செய்முறையை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து அங்கிள் இதைச் சொன்னபோது அன்ரி கேட்டது ஒன்றுதான்.

"தேசிக்காய்ப்புளி கடைசியா விடவேணும் எண்டு சொன்னனீங்களோ?"

எலுமிச்சம்புளி விடுவதை மட்டும் அங்கிள் சொல்லவில்லை. கஞ்சாவுக்குத் தப்பிய மனுசன் தேசிக்காய்க்கு மாட்டினார்.