மேசைக்கடியில் ஒரு சோதனை

பெரம்பலூரில் என் முதல் கேமராவை வாங்கப் போன கடையில்தான் அவரைப் பார்த்தேன். பக்கத்து ஊரான லப்பைக்குடிக்காட்டுக்காரர். உருண்டை முகம், கறுப்புப் புர்கா. பேசுவதற்கு முன்பே சிரித்துவிடுவார். அவர் முன்னால் இரண்டு கேமராக்கள் இருந்தன. விலையும் மெகாபிக்சலும் ஒன்றுதான். ஒளியைப் பிடிக்கிற சென்சார் மட்டும் வேறு.

"இருட்டுல எது நல்லா எடுக்கும்?" என்று கேட்டார். கடைக்காரர் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

உடனே என்னிடம், "அக்கா, கொஞ்சம் மேசைக்கு அடியில உக்காருங்களேன்" என்றார். உட்கார்ந்தேன். அவரும் உள்ளே நுழைந்து இரண்டிலும் என்னைப் படமெடுத்தார்.

"இதுல உங்க மூஞ்சில ரவை கொட்டுன மாதிரி இருக்கு. அதுல மூக்குத்திகூட மின்னுது! அதான் வேணும். ஃபிளாஷ் அடிச்சா எம்புள்ள முழிச்சுக்குறா. அவ தூங்குறத துபாய்ல இருக்குற எங்க வீட்டுக்காரரு, அதான் அவ அத்தா, பாக்கணுமாம்."

நாங்கள் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. நானும் அதையே வாங்கினேன். முன்பின் தெரியாதவர் சொன்னதும் ஏன் மறுபேச்சில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தேன் என்பதுதான் இன்னும் புரியவில்லை.