கயிறு கட்டிய குமிழ்கள்

நான் பொருத்திய பித்தளைக் குமிழ்களில் யாரோ சணல் கயிற்றை வளையமாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் செய்த தேக்கு பீரோ, கதவிலும் ட்ராயரிலும் பளபளவென்று குமிழ். அதில் மாட்டைக் கட்டுகிற மாதிரி கயிறு!

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய தெருவில் சிசிலி டீச்சர் வீடு. பீரோ கதவு உரசுகிறது, கீலைச் சரிபண்ண வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்.

“யாரு டீச்சர் இந்த வேலையப் பாத்தது?”

“எங்க வீட்டு அவியதான் அண்ணாச்சி. நான் அறுத்துப் போடப் போட மறுபடியும் கட்டுதாவ. கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்காவ.”

அவர் கணவர் லூர்து கப்பலில் சரக்கு தூக்குகிற விஞ்ச் ஓட்டியவர். நீராவிக் குழாய் வெடித்து இரண்டு கையும் வெந்துபோயின. புண் ஆறியபோது விரல்கள் உள்ளே சுருண்டு ஒட்டிக்கொண்டன. பெருவிரல் மட்டும் கொஞ்சம் அசையும். துணியை இடுக்கலாம், வழுக்குகிற குமிழைப் பிடிக்க முடியாது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் டீச்சர் இந்த பீரோவைச் செய்யச் சொன்னார். அவர் வீடு திரும்பும்போது பளிச்சென்று இருக்கவேண்டும் என்று குமிழ்களைத் தேடித் தேடி எடுத்தார்.

எங்கள் பேச்சைக் கேட்டு லூர்து உள்ளே வந்தார். வளையத்துக்குள் மணிக்கட்டை நுழைத்து இழுத்தார். ட்ராயர் திறந்தது.

“பல்லால முடிச்சுப் போட்டேன் ஆசாரி.”

“எங்கிட்டச் சொன்னா எடுத்துத் தரமாட்டேனா?” என்றார் டீச்சர்.

“ஏளா, இடுப்புல கட்டுத ஒரு சாரம் மாத்துததுக்கும் நீ ஸ்கூல்லேர்ந்து வரணுமா? அன்னைக்கு நீ கயித்த அறுத்துட்டுப் போயிட்ட. மழையில நனைஞ்சு வந்தவன், நீ வார வரைக்கும் ஈரத்தோட கெடந்தேன்.”

நான் கோபப்பட்டதெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பட்டறைக்குப் போய்த் தேக்கில் பெரிய கைப்பிடிகளாக வளைத்துச் செதுக்கினேன், மணிக்கட்டு தாராளமாக நுழையும்படி. குமிழுக்கு நடுவில் ஒரே துளை. கைப்பிடிக்கு இரண்டு வேண்டும். டீச்சர் வீட்டுக்குத் திரும்பி வந்து பழைய துளையில் தேக்கு முளையடித்து மூடி, அதற்கு இரு பக்கமும் சம தூரத்தில் குறித்தேன். உள்பக்கம் ஒரு துண்டுக் கட்டையை அழுத்திப் பிடித்துத்தான் ட்ரில் போடவேண்டும், இல்லையென்றால் அந்தப் பக்கம் சிலாம்பு பெயர்ந்துவிடும்.

வேலை முடிந்ததும் லூர்து திறந்து பார்ப்பார் என்று ஒதுங்கி நின்றேன். டீச்சர் முந்திக்கொண்டார். தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் இறுக்கிப் பொத்திக்கொண்டு, மணிக்கட்டால் ஒவ்வொரு ட்ராயராக இழுத்தார். கண்ணீர் வடிந்தது, அதைத் துடைக்கக்கூட அவர் கையை விரிக்கவில்லை. அடி ட்ராயர் பாதியில் நின்றது.

“இது இறுகுது அண்ணாச்சி. அவியளால முடியாது. இழைச்சுக் குடுங்க.”

இழைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு உளியைக் கீழே வைத்த நாள்வரை, யார் வீட்டு பீரோவானாலும் நானும் கையைப் பொத்தி ஒரு தடவை இழுத்துப் பார்த்த பிறகுதான் ஒப்படைத்தேன்.