நாலு பக்கமும் ஈரச்சாக்கு

இன்று மதிய வெயிலில் எங்கள் மூன்று மாடுகளில் ஜெர்சி மாடு மட்டும் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கியது. ஏழு மாதச் சினை.

அப்பா தண்ணீர் லாரிக்காகக் காங்கேயம் ரோட்டில் காத்திருந்தார். நீர் ஆவியாகும்போது குளிர்ச்சி உண்டாகும் என்று நான் படித்திருக்கிறேன். சாக்குகளை நனைத்து, தகரக் கொட்டகையின் நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் கட்டினேன்.

அப்பா திரும்பி வந்தபோது மாடு கீழே விழுந்து கிடந்தது.

மாட்டு டாக்டர் வந்ததும் முதலில் சாக்குகளைத்தான் அவிழ்த்தார். "காத்துப் போக வழியே இல்லீங்களே. உள்ள இட்லிச் சட்டியாட்ட இருக்குது. யாருங்க இப்பிடிக் கட்டுனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: "நாந்தானுங்க."

"இத்தன வருசமா மாடு வெச்சிருக்கறீங்க. இதுகூடத் தெரியாதுங்களா?"

"தெரியாமச் செஞ்சுபோட்டனுங்க."

மாடு பிழைத்துக்கொள்ளும், ஆனால் வயிற்றுக் கன்றுக்கு அசைவில்லை என்றார் டாக்டர்.

அவர் போன பிறகும் அப்பா என்னைத் திட்டவில்லை. "சாக்கெல்லாம் மடிச்சு வெய்யி கண்ணு" என்றார்.

'ஆவியாதல் குளிர்ச்சி தரும். காரணம் கூறுக.' போன பரீட்சையில் இந்தக் கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண்.

மாடு வளர்ப்பவர்கள் யாராவது சரியான விடையைக் கீழே எழுதுங்கள். கொட்டகையில் இன்னும் இரண்டு மாடுகள் இருக்கின்றன.